நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்த அப்பாக்கள்

நோட்டு, பென்சில் விக்கிறது லேசான தொழில்னு நினைக்கிறவங்க ஒரே ஒரு ஜூன் மாசம் என் கல்லாவுல வந்து உக்காந்து பாருங்க.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை. முன்பக்கம் ஸ்டேஷனரி, நடுவுல ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒரு ஸ்டூலு, ஒரு நீலத் துணி. மாடியில நான் குடியிருக்கேன். நான் மட்டும்.

ஸ்கூல் லிஸ்ட்டைக் கையில பிடிச்சிக்கினு கடை கடையா ஏறி இறங்கின பெற்றோர்களே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா நீங்க முறைக்கிறது என்னைத்தான். ஏதோ நானே உக்காந்து அந்த லிஸ்ட்டை எழுதி மிஸ்ஸுக்குக் குடுத்த மாதிரி! நானும் உங்க கட்சிதாங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. பேரு யாழினி, விழுப்புரத்துல படிக்கிறா. அவ அம்மா சுமதிக்கு அங்க ஒரு ஆஸ்பத்திரியில லேப்ல வேலை. மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவும் பொண்ணும் விழுப்புரத்துல சுமதியோட அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் இங்க இருக்கேன். யார் மேல தப்புன்னு கேக்காதீங்க, அவகிட்ட கேட்டா ஒரு கதை, என்கிட்ட கேட்டா ஒரு கதை. கோர்ட்டு, வக்கீலுன்னு எதுவும் இல்ல. பேச்சு நின்னுபோச்சு, அவ்ளோதான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பொண்ணைப் பார்த்துட்டு வருவேன்.

ஊர்ல இருக்கிற அத்தனை புள்ளைங்க லிஸ்ட்டும் என் கைக்கு வருது. என் பொண்ணோட லிஸ்ட்டு மட்டும் ரெண்டு வருஷத்துக்கு மேல என் கண்ணுல படவே இல்ல. சரி, அது என் பாடு. முதல்ல உங்க பாட்டைப் பேசுவோம்.

பச்சையில எந்தப் பச்சை

கூட்டேரிப்பட்டுல இருந்து ஒருத்தர் வந்தார். சொந்த நிலத்துல மல்லாட்டை, அதாங்க நிலக்கடலை, போடுறவர். பொண்ணு மூணாங்கிளாஸ். லிஸ்ட்டுல பாடத்துக்கு ஒரு கலர் அட்டை கேட்டிருந்தாங்க: தமிழுக்கு ஊதா, இங்கிலீஷுக்கு பிரவுன், சயின்ஸுக்கு ஆரஞ்சு. கணக்குக்கு மட்டும் 'இலைப் பச்சை, பளபளப்பு இல்லாதது'ன்னு ஒரு விளக்கம். என்கிட்ட இருந்த பச்சையைக் குடுத்தேன். வாங்கிக்கினு போனார். மறுநாள் திரும்பி வந்துட்டார். அது கிளிப் பச்சையாம், மிஸ் வேணாம்னுட்டாங்களாம். வேற பச்சை குடுத்தேன். அதுவும் திரும்பி வந்துச்சு. அது பாசிப் பச்சையாம்.

அடுத்த வாட்டி வந்தப்போ மனுஷன் கையில ஒரு மல்லாட்டைச் செடி. வேரோட, மண்ணோட பிடுங்கிக்கினு பஸ் ஏறி வந்திருக்கார். "இலைன்னா இதாங்க இலை. இதுக்குச் சரியா எதுவோ அதைக் குடுங்க, யாரு இன்னா சொல்றாங்கன்னு பார்த்துடறேன்"ன்னு கல்லா மேல வச்சிட்டார். நானும் ஒவ்வொரு ஷீட்டா எடுத்து இலை பக்கத்துல வச்சிப் பார்த்தேன். அப்புறம்தான் எங்களுக்கு விஷயம் புரிஞ்சுது. இலைக்கு மேல்பக்கம் ஒரு பச்சை, அடிப்பக்கம் வேற பச்சை. கொழுந்து இன்னொரு பச்சை. மிஸ் கேட்டது எந்தப் பக்கத்துப் பச்சை? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினோம். கடையில இருந்த கூட்டமே சிரிச்சுது. அவரு மட்டும் சிரிக்காம செடியைத் தூக்கி, வேர்ல இருந்த மண்ணை வாசல்ல உதறிட்டுச் சொன்னார்:

"எங்க கொல்லையை இந்த மிஸ்ஸு வந்து பார்த்தா, கலர் சரியில்லன்னு மொத்த விளைச்சலையும் திருப்பி அனுப்பிடும்ங்க."

எந்த முடி

வல்லத்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க. சமணக் குடும்பம், நம்ம பக்கத்துல நயினாருங்கன்னு சொல்லுவோம். பையன் ஆறாவது. லிஸ்ட்டுல 'பெயிண்ட் பிரஷ், இயற்கை முடி மட்டும், நைலான் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. எடுத்து நீட்டினேன். அந்தம்மா தொடல. "இது இன்னா முடிங்க?"ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல மனசு வரல. அணில் முடின்னு சொல்லி விக்கிறாங்க, சில சமயம் பன்னி முடியும் வரும்னு சொன்னேன். சட்டுனு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினாங்க. கட்டினது கட்டினதுதான், பிரஷ் டப்பாவை நான் உள்ள வைக்கிற வரைக்கும் எடுக்கல.

அந்த ஸ்கூல் டிராயிங் மிஸ் நம்பர் என்கிட்ட இருந்துச்சு. போன் போட்டா எடுக்கல. திரும்பக் கூப்பிடுவாங்கன்னு அந்தம்மா ஸ்டூல்ல உக்காந்தாங்க. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கணும், இருட்டினா வாயில எதுவும் வைக்க மாட்டோம்னு அடிக்கடி வாசலைப் பார்த்தாங்க. அப்படியே, "நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"ன்னு என்னைக் கேட்டாங்க. "பசிச்சா சாப்பிடுவேங்க"ன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டிருப்பாங்க. ஆனா அந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு.

மிஸ் கூப்பிட்டாங்க. நைலான்ல கலர் நிக்காது, ரூல்னா ரூல்தான், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கன்னு படபடன்னு பேசினாங்க. நான் போனை அந்தம்மா பக்கம் திருப்பிட்டேன். கடைசியில நைலானே போதும்னு மிஸ் இறங்கி வந்தாங்கன்னா, அதுக்கு நான் காரணம் இல்ல. அந்தம்மா குரலை உசத்தாம கேட்ட ஒரே கேள்விதான் காரணம்:

"வாங்கிடறேன் மிஸ், அந்த அணிலு இப்ப நல்லாருக்குதான்னு மட்டும் விசாரிச்சிச் சொல்லிடுங்க."

ஒரே சட்டை

இப்பல்லாம் சின்னப் புள்ளைங்களை ஸ்கூல் விட்டுக் கூட்டிக்கினு போகணும்னா ஒரு கார்டு காட்டணும். கார்டுல மூணு கட்டம். அந்தக் கட்டத்துல யார் யார் போட்டோ இருக்கோ, அவங்க வந்து நின்னாத்தான் வாட்ச்மேன் புள்ளையை வெளியே விடுவார். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் போட்டோவுக்குப் போடுற கண்டிஷன் இருக்கே, அப்பப்பா! பின்னால வெளிர் நீலம்தான் இருக்கணும். ரெண்டு காதும் தெரியணும். வெள்ளைச் சட்டை கூடாது, அடர் கலர்ல காலர் வச்ச சட்டை வேணும். நம்ம ஊர் ஆம்பளைங்க நல்லது கெட்டதுக்குக் கிளம்பினா வெள்ளைச் சட்டைதான். நீலத் துணிக்கு முன்னால உக்கார வச்சி, கேமராவைச் சரிபண்ணினப்புறம்தான் அந்த ரூல் ஞாபகம் வரும். திரும்ப வீட்டுக்குப் போய்ச் சட்டை மாத்தி வர்றதுன்னா ஒருநாள் வேலை போச்சு.

பேஜாரு வேணாம்னு நானே ஒரு அரக்குக் கலர் சட்டையை ஆணியில மாட்டி வச்சேன். ஒல்லியா இருக்கிறவருக்கு முதுகுப் பக்கம் ரெண்டு கிளிப்பு. தொப்பை இருக்கிறவருக்குக் கீழ்ப் பட்டனைத் திறந்து விட்டுடுவேன், போட்டோவுல மேல்பாதிதானே தெரியும். ஜூன் பூரா ஊர்ல இருக்கிற அப்பாங்க வேர்வை எல்லாம் அந்த ஒரே சட்டையில. சாயந்திரம் நானே தோய்ச்சி மாடிக் கொடியில போடுவேன். என் சட்டை ஒண்ணு, அந்தச் சட்டை ஒண்ணு. தெருவுல போறவங்க பார்த்தா, பரவால்ல, இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க.

ஒருநாள் பக்கத்து ஸ்கூல் ஆபீஸ் மேடம் ஒரு கட்டு போட்டோவோட வந்து நின்னாங்க. கல்லா மேல வரிசையா பரப்பினாங்க. முகம் மட்டும் வேற வேற. சட்டை, காலர், மேல் பட்டன்கிட்ட இருந்த இங்க் கறை எல்லாம் ஒண்ணே. திட்டப் போறாங்கன்னு நான் பயந்துக்கினே இருந்தேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டுக் கேட்டாங்க:

"சார், நாங்க புள்ளைங்களுக்குத்தானே யூனிஃபார்ம் வச்சோம், அப்பாங்களுக்கு எப்ப வச்சோம்?"

மூணு விரலு

செஞ்சி ரோட்டுல குடியிருக்கிற தேவி, சின்னப் பொண்ணு, முதல் புள்ளையை எல்கேஜி சேர்த்திருந்துச்சு. வீட்டுக்காரர் குவைத்துல கட்டட வேலை. அப்பா ஊர்ல இல்லன்னாலும் கார்டுல அப்பா போட்டோ வேணும்னு ஸ்கூல்ல ஒரே பிடிவாதம். அவரும் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். தலையில ஹெல்மெட்டு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, பின்னால கிரேனு. காதும் தெரியல, கண்ணும் தெரியல. மிஸ் வாங்கல. அவர் இருக்கிற இடத்துல ஸ்டுடியோவும் இல்லயாம்.

அப்புறம் தேவி போன்ல தேடித் தேடி ஒரு படத்தை எடுத்துக் காட்டுச்சு. மயிலம் கோயில் படிக்கட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து நின்ன படம். தேவியோட கை அவர் தோள் மேல. கம்ப்யூட்டர்ல ஏத்தி தேவியைத் தனியா வெட்டினேன், படிக்கட்டை எடுத்தேன், பின்னால நீலம் போட்டேன். அசல் பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே வந்துடுச்சு. தோள் மேல இருந்த மூணு விரலு மட்டும் மிச்சம். அதையும் அழிக்கலாம்னு மவுஸைக் கொண்டுபோறேன், பின்னால நின்னுக்கினு இருந்த தேவி ஸ்கிரீன்ல கையை வச்சி மறைச்சிட்டுது. ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்கம்மான்னு சொன்னேன். சட்டை மடிப்புன்னு சொல்லிக்கிறேன்னு சொல்லிச்சு. மடிப்புல நகம் இருக்குமான்னு கேட்டேன். தேவி சிரிக்கல.

"இருக்கட்டும்ண்ணே, அந்த மனுஷன் அங்க ஒண்டியாக் கிடக்கிறாரு, போட்டோலயாவது கூட யாராச்சும் இருக்கட்டும்."

கேட்டுக்கு வெளியே

இப்ப என் பாடு. போன வருஷம் ஜூன்ல ஒருநாள் யாழினி போன்ல, "அப்பா, ஸ்கூலுக்குக் கலர் பென்சில் வேணும், அம்மா இன்னும் வாங்கல"ன்னு சொன்னா. எனக்குத் தலைகால் புரியல. ரெண்டு வருஷத்துல என் பொண்ணு என்கிட்ட கேட்ட முதல் ஸ்கூல் சாமான்! கடையில இருக்கிறதுலேயே உசத்தியான தகர டப்பாவை எடுத்தேன், முப்பத்தாறு கலர். ஜூன் மாசத்துல, கூட்டம் நிக்கிற நேரத்துல, ஷட்டரை இழுத்து விட்டுட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஸ்டேஷனரிக்காரன் எவனும் செய்ய மாட்டான். வீட்டுக்குப் போனா எல்லார் எதிர்லயும் குடுக்கணும். ஸ்கூல் வாசல்ல குடுத்தா அவ முகத்தை நான் மட்டும் பார்க்கலாம்னு ஒரு ஆசை.

கேட்டுல வாட்ச்மேன் கார்டு கேட்டார். "நான் அவ அப்பாங்க"ன்னேன். "இங்க வர்ற எல்லாரும் அப்பாதான் சார். கார்டு இருக்குதா?"ன்னார். யாழினி கார்டுல மூணு கட்டம்: சுமதி, சுமதியோட அண்ணன், அண்ணி. ஊர்ல இருக்கிற அப்பாங்களை எல்லாம் நீலத் துணிக்கு முன்னால உக்கார வச்சிப் போட்டோ பிடிச்சவன் நான். என் மூஞ்சி மட்டும் எந்தக் கார்டுலயும் இல்ல. வாட்ச்மேன் மேல தப்பே இல்ல, அவர் வேலை அது. ஆனா மத்த அப்பாங்க எல்லாம் கார்டை அலட்சியமா நீட்டிட்டு உள்ள போறாங்க, நான் டப்பாவைக் கக்கத்துல வச்சிக்கினு வெயில்ல நிக்கிறேன். அழுகை வந்துச்சுங்க. வெக்கமா இருந்தாலும் சொல்லித்தானே ஆகணும்.

கொஞ்ச நேரத்துல மச்சான் வண்டியில வந்தார். என்னைப் பார்த்ததும் ஒண்ணும் கேக்கல, கார்டைக் காட்டி யாழினியைக் கூட்டியாந்து என்கிட்ட விட்டுட்டு, வண்டிகிட்ட போய் நின்னுக்கினார். தங்கமான மனுஷன். யாழினி டப்பாவைத் திறந்தா. ஒவ்வொரு பென்சிலா விரலால தடவினா. முகம் மலர்ந்துச்சு. அப்புறம் எண்ணினா. மெதுவா மூடி என் கையிலயே வச்சிட்டா. திண்டிவனத்துக்கே லிஸ்ட்டு படிச்சிக் காட்டுறவன், சொந்தப் பொண்ணு லிஸ்ட்டுல இன்னா இருக்குன்னு தெரியாம வந்து நிக்கிறேன். நான் வருத்தப்படக் கூடாதுன்னு அவ என் சட்டையைப் பிடிச்சிக்கினு சொன்னா:

"ரொம்ப சூப்பரா இருக்குப்பா, ஆனா எங்க லிஸ்ட்டுல இருபத்தி நாலுதான், இதை மிஸ் வாங்க மாட்டாங்க, நீயே வச்சிக்கோ."

ஜூலை

ஜூலை பிறந்தா எங்க தொழில் தூங்கிடும். எப்பவாவது ஒரு ஜெராக்ஸ், எப்பவாவது ஒரு ரீஃபில். ஃபேன் சத்தம்தான் துணை. ஜூன்ல ஆள் ஆளுக்குக் கத்துனப்போ எப்படா முடியும்னு இருந்துச்சு. முடிஞ்சப்புறம் கல்லாவுல உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கினு, யாராவது ஒருத்தர் லிஸ்ட்டோட வரமாட்டாங்களான்னு இருக்குது.

அப்படி ஒரு மத்தியானம் சேகர் வந்தார். டூவீலர் மெக்கானிக், பையன் ரெண்டாங்கிளாஸ். நோட்டுல லேபிள் வலது மூலையில ஒட்டணும்னு சொன்னாங்களாம். வீட்டுல உக்காந்து எல்லாத்துக்கும் ஒட்டினாராம். இப்ப இடது மூலைக்கு மாத்துன்னு சொல்றாங்களாம். பிச்சா அட்டையே கிழியுதாம். ஒரு லேபிள் பாக்கெட்டு வாங்க வந்தவரை உக்கார வச்சி டீ சொன்னேன். ஸ்கூலைத் திட்டினோம். மிஸ்ஸைத் திட்டினோம். லேபிளைக் கண்டுபிடிச்சவனையும் விடல. அரைமணி நேரம் போனதே தெரியல. அவர் எழுந்தார். நான் விடல. "டிபன் பாக்ஸுக்கு ஏதாவது ரூல் போட்டாங்களா?"ன்னு கேட்டேன். இல்லன்னார். "வாட்டர் பாட்டிலுக்கு? ஷூ லேசுக்கு? நல்லா யோசிச்சிப் பாருங்க, ஏதாவது மாத்தியிருப்பாங்க"ன்னேன். சேகர் டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் நீங்க, எங்களுக்கு வயிறு எரியுது, உங்களுக்கு அதுல குளிர் காய ஆளு வேணும்னு இருக்குது!"

காலியான கட்டம்

இந்த வருஷம் ஜூன். கடையில கழுத்து வரைக்கும் கூட்டம். போன் அடிச்சுது, பார்த்தா சுமதி. அவளா கூப்பிட்டா யாழினிக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம். கூட்டத்தை விட்டுட்டு ஓரமாப் போய் எடுத்தேன். "பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கா"ன்னு அவளே சொல்லிட்டா. அண்ணனுக்கு ஓசூருக்கு வேலை மாறிடுச்சாம், அண்ணியும் கிளம்பிட்டாங்களாம். அம்மாவும் பொண்ணும் ஸ்கூலுக்குப் பக்கத்துலயே தனியா சின்ன வீடு பார்த்துட்டாங்களாம். "மத்த நாளெல்லாம் நானே கூட்டிக்குவேன். வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு சாயந்திர ஷிஃப்ட்டு. கார்டுல ரெண்டு கட்டம் காலியா இருக்கு. உங்க போட்டோ ஒண்ணு வேணும். வீட்டுச் சாவி யாழினி பையில இருக்கும். நான் வந்ததும் நீங்க கிளம்பிடலாம்"னா. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள, "வேற வழி இல்லாமத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னா. எடுத்துக்கலன்னேன். "இங்க ஸ்கூல்ல சட்டைக்கு ரூல் இல்ல. ஆனா இந்த வருஷத்துல இருந்து போட்டோவுல சிரிக்கக் கூடாதாம். லிஸ்ட்டையும் அனுப்பறேன், பார்த்துக்கோங்க"ன்னு வச்சிட்டா.

லிஸ்ட்டு வந்துச்சு. ராமாயணம் மாதிரி நீளம், அத்தனையும் அநியாயம். பென்சில் முக்கோணமா இருக்கணுமாம், ஸ்கேல் ஒடிச்சாலும் ஒடியக் கூடாதாம். கஸ்டமருக்குப் படிச்சிக் காட்டுற மாதிரி எனக்கே சத்தமாப் படிச்சிக் காட்டினேன். திட்டத் தோணவே இல்ல. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நீலத் துணிக்கு முன்னால போனேன். கேமராவை அமுக்க ஆள் வேணுமே? டைமரை வச்சிட்டு ஓடி வந்து ஸ்டூல்ல உக்காந்தேன். எடுத்துப் பார்த்தா பல்லு தெரியுது. அழிச்சிட்டுத் திரும்ப ஓடினேன். அதுலயும் சிரிக்கிறேன். வாயை இறுக்கி மூடினா கன்னம் சிரிக்குது. சிரிக்காதீங்கன்னு சொல்ல எதிர்ல ஒரு ஆள் இல்ல பாருங்க. ஓடி ஓடி மூச்சு வாங்கிப்போச்சு. கடைசியில ஸ்டூல்ல உக்காந்து, 'வேற வழி இல்லாமத்தான் கேக்கறேன்'னு சுமதி சொன்னதை மனசுக்குள்ள ஒருவாட்டி சொல்லிப் பார்த்தேன். முகம் தானா சரியாயிடுச்சு. அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டு சுமதிக்கு அனுப்பி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை போனப்போ சுமதி கார்டைக் கையில குடுத்தா. அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடுறதுக்கு ரொம்ப முன்னாடியே போய் நின்னுட்டேன். அதே வாட்ச்மேன்தான், என்னை அவருக்கு ஞாபகம் இல்ல. பெல் அடிச்சுது. கார்டை நீட்டினேன். வாங்கி என் மூஞ்சியைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். திரும்ப மூஞ்சியைப் பார்த்தார். உள்ள வராண்டாவுல யாழினி பையை மாட்டிக்கினு என்னைப் பார்த்துட்டா, "அப்பா!"ன்னு கத்திக்கினே கையை ஆட்டுறா. வாட்ச்மேன் கார்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சி, கண்ணைச் சுருக்கிக்கினு சொன்னார்:

"சார், கொஞ்சம் சிரிக்காம நில்லுங்க, இதுல இருக்கிற ஆளு நீங்கதானான்னு நான் பார்க்க வேணாமா?"

ஆகவே பெற்றோர்களே, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல என் கடை பூட்டியிருக்கும், லிஸ்ட்டைத் தூக்கிக்கினு வந்து ஷட்டரைத் தட்டாதீங்க, மத்த நாள்ல நான் அங்க தனியாத்தான் உக்காந்திருப்பேன், எந்தப் பச்சை வேணும்னாலும் அப்ப வந்து கேளுங்க.